விருப்பமும் மதிப்பீடும்: திரைப்பட ரசிகரின் பட்டியல் பற்றிய ஓர் அறவியல் நோக்கு

திரைப்படத்தில் ஈடுபாடுடைய ஒருவரிடம், வாழ்நாளில் கண்டவற்றுள் அவர் மிகவும் உவந்த படங்கள் எவை என வினவின், தயக்கமின்றி ஐந்தாறு பெயர்களைக் கூறுவார். அவரிடமே, இதுவரை வெளிவந்தவற்றுள் மிகச் சிறந்த படங்கள் எவை என வினவின், சற்றே தயங்குவார். தயங்கியபின் முன்னர்க் கூறிய பெயர்களையே மீண்டும் கூறுவோர் சிலர். தாம் ஒருமுறை மட்டும் பார்த்த, ஆனால் அறிஞர் பலர் போற்றிய வேறு பெயர்களைக் கூறுவோர் சிலர். முதல் வகையினர் விருப்பத்தையே மதிப்பீடாகக் கொள்கின்றனர். இரண்டாம் வகையினர் தம் விருப்பத்தை ஒளித்துப் பிறர் மதிப்பீட்டைத் தமதாக்கிக் கொள்கின்றனர். இவை அற்பமான செயல்களாகத் தோன்றலாம். ஆயினும் இரண்டும் வாய்மை என்னும் அறத்தோடு தொடர்புடையன. ஒருவர் தாம் நேசித்ததற்கும், நல்லதென்று பிறர்முன் நிறுவக் கூடியதற்கும் இடையே எத்தகைய உறவைப் பேணுதல் வேண்டும் என்பதே ஈண்டு ஆராயப்படும் வினாவாகும்.

மேலைத்தேய மெய்யியலில் இவ்வினா பதினெட்டாம் நூற்றாண்டில் விரிவாக விவாதிக்கப்பட்டது. 1790 இல் வெளிவந்த தமது நூலில் இமானுவேல் காண்ட் இனிமையானது, அழகானது என்னும் இரண்டையும் வேறுபடுத்தினார். ஒரு வகை மதுவை இனிதெனக் கூறுபவரை, ‘உமக்கு இனிது எனக் கூறும்’ என்று பிறர் திருத்தினால் அவர் அதனை ஏற்றுக்கொள்வார். ஆனால் ஒன்றை அழகானது எனக் கூறுபவர் பிறரது உடன்பாட்டையும் வேண்டி நிற்கிறார். ‘எனக்கு மட்டும் அழகானது’ என்பது பொருந்தாக் கூற்று. அவருக்கு முன்னரே, 1757 இல், சுவையின் அளவுகோல் பற்றி எழுதிய டேவிட் ஹியூம் நல்ல மதிப்பீட்டாளருக்குரிய தகுதிகளை வகுத்தார். நுண்ணுணர்வு, பயிற்சி, ஒப்பீடு, காய்தல் உவத்தல் அகற்றிய நோக்கு, நல்லறிவு என்பன அவை. இவற்றுள் ஒப்பீடு என்பது தனித்து நோக்கத்தக்கது. ஏனையவற்றை ஒருவர் தம் முயற்சியால் வளர்த்துக் கொள்ளலாம். ஒப்பிடுவதற்கோ பல படைப்புகள் அவருக்குக் கிடைத்திருத்தல் வேண்டும். கிடைத்தல் என்பது அவர் வாழும் இடத்தையும் காலத்தையும் பொறுத்தது.

இதனை விளக்குதற்கு எழுவைதீவு தக்க சான்றாகும். யாழ்ப்பாணக் குடாநாட்டின் மேற்கே, ஊர்காவற்றுறைக்கு அப்பால் அமைந்த சிறுதீவு அது. அங்குப் படமாளிகை இல்லை. அத்தீவினர் ஒருவர் யாழ்ப்பாண நகரின் ராஜாவிலோ வின்சரிலோ மனோகராவிலோ படம் பார்க்க விரும்பிய காலத்தில், படகேறி ஊர்காவற்றுறை சேர்ந்து, அங்கிருந்து பேருந்தில் வேலணையையும் பண்ணைத் தாம்போதியையும் கடந்து நகரை அடைய வேண்டியிருந்தது. இரவுக் காட்சி பார்த்தால் அன்றே தீவுக்குத் திரும்ப இயலாது. ஆகவே ஒரு படம் பார்த்தல் என்பது ஒரு நாட் செலவாகவும், காற்றும் கடலும் இடங்கொடுத்தால் மட்டும் கைகூடும் பயணமாகவும் இருந்தது.

அவ்வாறு சென்றவர் எந்தப் படத்தைக் காண்பார் என்பதும் அவர் கையில் இருக்கவில்லை. 1972 இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொழிற்படத் தொடங்கியபின் இந்தியப் படங்களின் இறக்குமதி அதன் கட்டுப்பாட்டுக்குள் வந்தது. தமிழகத்தில் வெளிவந்தவற்றுள் ஒரு பகுதியே, அதுவும் காலந்தாழ்த்தியே, இங்கு வந்தது. 1980களில் தொலைக்காட்சிப் பெட்டியும் ‘டெக்’கும் வாடகைக்குப் பெறப்பட்டு, ஒரே இரவில் மூன்று நான்கு படங்கள் தொடர்ச்சியாகப் பார்க்கப்படும் வழக்கம் குடாநாடெங்கும் பரவியது. ஆயினும் எழுவைதீவு தேசிய மின்வலையமைப்போடு இணையாத தீவு. அங்கு நெடுங்காலம் டீசல் மின்பிறப்பாக்கியே மின்சாரம் தந்தது. காற்றையும் சூரிய ஒளியையும் சேர்த்துப் பயன்படுத்தும் கலப்பு மின்நிலையம் மிகப் பிந்தியே வந்தது. 1990 இன் பின்னர்த் தீவுப்பகுதி மக்களுட் பெரும்பாலோர் இடம்பெயர்ந்தனர். குடாநாடும் பல ஆண்டுகள் மின்சாரமின்றி இருளில் இருந்தது. இச்சூழலில் ஒருவருடைய ‘என்றும் பிடித்த படங்கள்’ என்னும் பட்டியல், அவரது சுவையை மட்டுமன்றி, படகு, இறக்குமதி விதி, மின்சாரம், போர் ஆகியவற்றின் வரலாற்றையும் தன்னுள் அடக்கியதாக அமைகிறது.

இத்தகைய தீவொன்றிலிருந்து பல்கலைக்கழகம் புகுந்த மாணவர் ஒருவரைக் கற்பனை செய்க. அவரது பட்டியலில் முதலிடம் பெறுவது ஏ. பீம்சிங்கின் பாசமலர் (1961) எனக் கொள்க. தாயும் சிறிய தாயாரும் அருகிருந்து கண்ணீர் விட அவர் அதனைப் பார்த்தார். பின்னர் அக்குடும்பம் பல நாடுகளுக்குச் சிதறியது. அண்ணனும் தங்கையும் பிரிந்து, இறுதியில் ஒருங்கே உயிர்விடும் அக்கதை, உடன்பிறந்தோரைப் பிரிந்திருக்கும் அவருக்குப் பிறர் காணாத பொருளைத் தந்தது. பல்கலைக்கழகத் திரைப்பட வட்டத்தில் அவர் சத்தியஜித் ரேயின் பதேர் பாஞ்சாலியைக் (1955) காண்கிறார். விவாதத்தில் ஒருவர் பாசமலரை மிகையுணர்ச்சி எனக் கூறி நகைக்க, ஏனையோரும் நகைக்கின்றனர். அவ்வேளை அவர் எவ்வாறு நடந்து கொள்ளல் தகும்?

அவர்முன் இரண்டு எளிய வழிகள் உள்ளன. ஏனையோருடன் சேர்ந்து தாமும் நகைத்துப் பட்டியலிலிருந்து பாசமலரை நீக்கிவிடலாம். இது வளர்ச்சி போலத் தோன்றும். உண்மையில் அவரிடம் எதுவும் வளரவில்லை. மதிப்பீடு ஒன்றை அவர் இரவல் பெற்றுள்ளார். தம்மை உருவாக்கிய அனுபவத்தையும் அதனைப் பகிர்ந்துகொண்ட மனிதரையும் அவர் மறுதலிக்கிறார். மற்றைய வழி, ‘எனக்குப் பிடித்ததே சிறந்தது, ரே மேட்டுக்குடியினருக்கானவர்’ எனச் சினந்து கூறுதல். இது விசுவாசம் போலத் தோன்றும். ஆனால் காண்ட் சுட்டியவாறு, ‘சிறந்தது’ என்று கூறியவுடன் பிறர் உடன்பாட்டைக் கோரும் கடமை அவரைச் சேர்ந்துவிடுகிறது. நியாயம் காட்டாது உடன்பாட்டைக் கோருதல் நேர்மையன்று.

மூன்றாவது வழி கடினமானது. இரு படங்களையும் அருகருகே வைத்து உண்மையாகவே நோக்குவது அது. இரண்டுமே உடன்பிறப்பைப் பற்றியவை. இரண்டிலும் சாவு நிகழ்கிறது. பதேர் பாஞ்சாலியில் மகள் துர்க்கா இறந்த செய்தியை அறியாத தந்தை ஹரிஹர் ஊர் திரும்பி, மகளுக்கென வாங்கிய சேலையை எடுத்து நீட்டும்போது தாய் சர்பஜயா கதறுகிறாள். அக்கதறல் நம் செவியில் விழுவதில்லை. அதன் இடத்தில் இசைக்கருவி ஒன்றின் உச்ச ஒலியே கேட்கிறது. பின்னர்த் தம்பி அப்பு, அக்காள் திருடி ஒளித்து வைத்த மாலையைக் கண்டெடுத்து, ஒருவரும் அறியாமல் குளத்தில் எறிகிறான். பாசி விலகி மீண்டும் மூடிக்கொள்கிறது. ஒரு சொல்லும் பேசப்படுவதில்லை. பாசமலரிலோ துயர் முழுவதும் வாய்விட்டுப் பேசப்படுகிறது. எப்போது அழ வேண்டும் என்பதைப் படமே பார்வையாளருக்கு உணர்த்துகிறது. முன்னையது பார்வையாளரை நம்பி மௌனம் காக்கிறது. பின்னையது நம்பாமையால் விளக்குகிறது என்பது ஒரு தீர்ப்பு. அத்தீர்ப்பில் உண்மை உண்டு.

எனினும் அது முழு உண்மையன்று. துயரை உரத்துச் சொல்லுதல் தமிழரின் ஒப்பாரியிலும் கூத்திலும் நெடுங்காலம் பயின்று வந்த மரபாகும். சாவீட்டில் பெண்கள் கூடி, இறந்தவரின் வாழ்வை அடியடியாகச் சொல்லி அழும் சமூகத்தில், சொல்லப்படும் துயர் மிகையெனக் கொள்ளப்படுவதில்லை. அது கடமையாகவே கொள்ளப்படுகிறது. தொல்காப்பியர் எட்டு மெய்ப்பாடுகளை வகுத்தபோது, உள்ளத்து உணர்வு உடலிற் புலப்படுதலையே இலக்கணமாக்கினார். ஆகவே மௌனத்தை மட்டும் அளவுகோலாகக் கொண்டு பாசமலரை அளத்தலும் ஒருவகைக் காய்தலே. ஒப்பீடு இவ்வாறு இருபுறமும் செல்லும்போது, மாணவர் தம் பழைய விருப்பத்தை இழக்காமலே அதன் எல்லையை அறிகிறார். அன்றியும், சேலையை ஏந்தி நிற்கும் தந்தையின் காட்சி அவரைத் தாக்கியதற்கே, பாசமலரில் அவர் முன்னர் அழுதிருந்தமை ஒரு காரணமாயிருக்கலாம். முதற் காதலின்றி இரண்டாவதை அவர் அடைந்திருக்க மாட்டார்.

தேர்ந்த திறனாய்வாளரின் பட்டியல் ஐயத்துக்கு அப்பாற்பட்டது எனக் கருதுவோருக்கு, பிரித்தானியச் சஞ்சிகையான ‘சைற் அண்ட் சவுண்ட்’ 1952 முதல் பத்தாண்டுக்கொருமுறை நடத்திவரும் வாக்கெடுப்பு நல்ல பாடமாகும். 1952 இல் டி சீக்காவின் சைக்கிள் திருடர்கள் முதலிடம் பெற்றது. 1972 இல் அது முதற் பத்துக்குள்ளேயே இல்லை. 1962 முதல் 2002 வரை ஓர்சன் வெல்ஸின் சிற்றிசன் கேன் முதலிடத்தில் நின்றது. 2012 இல் ஹிட்ச்கொக்கின் வேர்ட்டிகோவும், 2022 இல் சாந்தால் அக்கர்மனின் ஜான் டீல்மனும் அவ்விடத்தைப் பெற்றன. இறுதியாகக் கூறப்பட்டது 1975 இல் வெளிவந்தது. ஒரு பெண்ணின் அன்றாட வீட்டு வேலைகளை மூன்று மணி நேரத்துக்கு மேலாகக் காட்டுவது. நாற்பத்தேழு ஆண்டுகளில் அப்படம் மாறவில்லை. வாக்களிப்போரின் தொகை பெருகியது. முன்னர்க் கேட்கப்படாத பலர் கேட்கப்பட்டனர். மதிப்பீடு வெறும் சுவைவேறுபாடே என இதிலிருந்து முடிவு கட்டுதல் தவறு. யார் பார்த்தார், யாரிடம் கேட்கப்பட்டது என்பவற்றைப் பொறுத்து மதிப்பீடு திருந்திக்கொண்டே செல்கிறது என்பதே பெறப்படும் முடிவாகும். கேட்கப்படாதோருள் எழுவைதீவின் ரசிகரும் ஒருவர்.

பிறர் அவரிடம் கேளாமை போன்றே, அவர் பிறரைப் பாராமையும் விளைவுடையது. 1977 இல் தர்மசேன பத்திராஜா நெறியாண்ட பொன்மணி வெளிவந்தது. அதன் கதையையும் திரைச்சுவடியையும் எழுதியவர் காவலூர் இராசதுரை. காவலூர் என்பது எழுவைதீவுப் படகு கரைசேரும் அதே ஊர்காவற்றுறையே. யாழ்ப்பாணக் குடும்பமொன்றில் சீதனமும் சாதியும் விளைக்கும் அவலத்தை ஆரவாரமின்றிக் காட்டிய அப்படம் வணிக நோக்கில் தோல்வியுற்றது. தென்னிந்தியப் படங்களிற் பழகிய கண்களுக்கு அதன் மெதுவான நடை சலிப்பூட்டியது. பின்னரே அது இலங்கைத் தமிழ்ப் படங்களுள் முதன்மையானவற்றுள் ஒன்றாகத் திறனாய்வாளரால் போற்றப்பட்டது. செங்கை ஆழியானின் நாவலைத் தழுவி 1978 இல் வந்த வாடைக்காற்று, பருவந்தோறும் தீவுக்கு வந்து வாடியமைத்து மீன்பிடிப்போரின் வாழ்வைப் பொருளாகக் கொண்டது. அதன்பின் வந்த ஆண்டுகளில் இம்முயற்சிகள் தொடர்ந்து வளரவில்லை. 1983 யூலை வன்செயலின்போது ஹெந்தளையிலிருந்த விஜயா கலையகம் தீக்கிரையாகி, அங்கிருந்த படச்சுருள்கள் அழிந்தன. தீயை மூட்டியோர் வேறு. ஆயினும் நேசிப்பாரின்றி விடப்பட்ட கலை எளிதில் மறைந்துபோகும் என்பது இவ்வரலாற்றால் தெளிவாகும். ஒருவரது விருப்பம் அவரோடு முடிவதில்லை. எது மீண்டும் ஆக்கப்படும், எது பேணப்படும் என்பவற்றை அது பிறரது விருப்பங்களோடு சேர்ந்து தீர்மானிக்கிறது.

இங்கு ஒரு தடை எழுப்பப்படலாம். நாள் முழுதும் கடலில் உழைத்தவர் நாடோடி மன்னன் (1958) பார்த்து மகிழ்ந்தால், அம்மகிழ்ச்சியிடம் அறக்கணக்குக் கேட்பது அநீதியன்றோ? நேசிக்குமாறு எவரையும் கட்டளையிட இயலுமோ? இத்தடை வலிமையுடையது. மகிழ்ச்சி விசாரணைக்குரியதன்று; அதற்கு எவரிடமும் மன்னிப்புக் கோர வேண்டியதுமில்லை. நேசத்தைக் கட்டளையிடவும் இயலாது. கவனத்தையோ ஒருவர் தாமாகவே வழங்க இயலும். சலிப்பூட்டிய படத்துக்கு இரண்டாம் முறை ஒன்றரை மணி நேரம் கொடுத்தல், அது ஏன் தம்மைத் தொடவில்லை எனத் தம்மையே வினவுதல், பிறர் அழுத இடத்தில் நகைக்குமுன் காரணம் கேட்டல் ஆகியவை எவராலும் செய்யத்தக்கவை. உழைத்துக் களைத்தவரிடம் இவற்றை எதிர்பார்த்தல் மிகையாகலாம். ஓய்வும் நூலகமும் விவாத வட்டமும் வாய்க்கப்பெற்ற பல்கலைக்கழகத்தாரிடம் எதிர்பார்த்தல் மிகையன்று.

இன்று கைத்தொலைபேசியில் உலகப் படங்கள் யாவும் எட்டும் தூரத்தில் உள்ளன. ஆயினும் ஒருவர் முன்னர்ப் பார்த்ததைப் போன்றதையே மேலும் மேலும் முன்வைக்கும் இயந்திர ஏற்பாடும் உடன் வந்துள்ளது. படகு இல்லாமையாற் பாராதிருந்தமை ஒரு காலத்தின் குறை. பார்க்க இயன்றும் தேடாதிருத்தலோ தம் விருப்பினால் நேர்வது. அதற்குக் கடலைக் காரணம் காட்டுதல் இயலாது.

ஆதலால் நேர்மையான ரசிகர் இரு பட்டியல்களைப் பேணுதல் நன்று. ஒன்றில் தாம் நேசித்தவற்றை, எங்கு யாருடன் கண்டார் என்பதோடு எழுதுக. மற்றையதில் பிறர்முன் காரணம் காட்டத்தக்கவற்றை எழுதுக. இரண்டிலும் ஒரே பெயர் இடம்பெற்றால் மகிழ்க. இடம்பெறாதவிடத்து எதனையும் அழித்தல் வேண்டா. இரண்டாம் பட்டியலின் அடியில், இன்னும் பார்க்கக் கிடையாத படங்களுக்கென இடம் விடப்பட்டிருத்தல் வேண்டும்.