சரீரப் பயிற்சியும் ஆத்ம சாதனையும்

யாக்கை நிலையாதது என்பதை நம் முன்னோர் ஒருநாளும் மறந்தவர்களல்லர். நாலடியார் அதற்கென ஓர் அதிகாரமே வகுத்தது. பட்டினத்தடிகள் இத்தேகத்தின் இழிவை அடுக்கடுக்காய் எடுத்துக் கூறி, அதன் மேல் நாம் கொண்டுள்ள மோகத்தைச் சுட்டெரித்தார். ஆயினும், நிலையாமையை ஓர் அதிகாரத்தில் வற்புறுத்திய அதே திருவள்ளுவர் மற்றோர் அதிகாரத்தில் மருந்தைப் பற்றிப் பேசப் புகுந்து, முன் உண்டது செரித்ததை அறிந்து அளவோடு உண்ணும் நெறியை ஒரு வைத்தியனுக்குரிய நுணுக்கத்தோடு வகுத்தார். முதலில் உடம்பை இழிவென எண்ணியிருந்த தாம், அதனுள்ளே இறைவன் கோயில் கொண்டிருப்பதைக் கண்டபின் அதைப் பேணத் தொடங்கியதாகத் திருமூலர் தெரிவித்தார். அழியப்போவது நிச்சயமான ஒரு பொருளைப் பேணுவதில் ஆத்மார்த்தமான பயன் ஏதும் உண்டா? உண்டென்றால், எந்த எல்லையைக் கடக்கும்போது அப்பேணுதல் தேகாபிமானமாகத் திரிந்துவிடுகிறது?

இக்கேள்வியை ஏட்டளவில் நிறுத்திவிடாமல், விளையாட்டுத் திடலிலும் கசரத்துச் சாலையிலும் வைத்துச் சோதித்துப் பார்த்த ஊர் புதுச்சேரி. 1910-ஆம் ஆண்டு ஏப்ரல் 4-ஆம் நாள் இந்நகருக்கு வந்து சேர்ந்த ஸ்ரீ அரவிந்தர், 1926 நவம்பருக்குப் பின் ஏறக்குறைய ஏகாந்தவாசமாகவே வாழ்ந்தார். அவரது ஆசிரமத்தில், 1943 டிசம்பர் 2-ஆம் நாள் சிறுவர் பள்ளி ஒன்று தொடங்கப்பெற்றது. அதற்கடுத்த சில ஆண்டுகளில், வங்காளத்திலிருந்து வந்த பிரணாப் குமார் பட்டாச்சார்யாவிடம் தேகப்பயிற்சிப் பொறுப்பை, ஆசிரமத்தை நடத்தி வந்த ஸ்ரீ அன்னை ஒப்படைத்தார். ஓட்டம், நீச்சல், ஜிம்னாஸ்டிக்ஸ், குத்துச்சண்டை, அணிவகுப்பு என்று பயிற்சிகள் பெருகின. பெண்பிள்ளைகளும் ஆண்பிள்ளைகளைப் போலவே அரைக்கால் சட்டை அணிந்து திடலில் இறங்கியது, நாற்பதுகளின் சமூகத்தில் எத்தகைய வியப்பை விளைவித்திருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. பாரிஸில் பிறந்து எழுபது வயதை எட்டியிருந்த அன்னையோ, மாலைதோறும் கடலோர மைதானத்தில் டென்னிஸ் ஆடிவிட்டு, பின் விளையாட்டுத் திடலுக்கு வந்து அணிவகுப்பைப் பார்வையிட்டு, பிள்ளைகளுக்கு நிலக்கடலை வழங்கி, அதே இடத்தில் அமர்ந்து அவர்களுடைய தத்துவ வினாக்களுக்கு விடை கூறினார். இன்றும் ஆண்டுதோறும் டிசம்பர் 2-இல் அங்கே தேகப்பயிற்சிக் காட்சி நடைபெற்று வருகிறது.

1949 பிப்ரவரியில் ஆசிரமம் தேகப்பயிற்சிக்கென்றே ஒரு காலாண்டிதழைத் தொடங்கியது. வேதத்தையும் கீதையையும் ஆராய்ந்து, 'சாவித்திரி' என்னும் பெருங்காவியத்தை இயற்றிக்கொண்டிருந்த ஸ்ரீ அரவிந்தர், தம் இறுதிக்கால உரைநடைக் கட்டுரைகளை எழுதியது இந்த இதழுக்காகத்தான். 1938-இல் கால் இடறி விழுந்து தொடையெலும்பு முறிந்த அவர், சரீரத்தின் பூரணத்துவத்தைப் பற்றி எழுதினார் என்பது நினைக்கத்தக்கது. பூரணத்துவம் என்று அவர் கருதியது நோயற்ற நிலையையோ கட்டான தோற்றத்தையோ மட்டும் அன்று என்பதற்கு வேறு சாட்சி வேண்டியதில்லை. சடப்பொருளும் சைதன்யத்தின் மறைந்த வடிவமேயாதலால், ஆத்மா மட்டும் விடுதலை பெற்று, உடல் தன் பழைய இருளிலேயே கிடப்பது பூரண யோகமாகாது என்பது அவர் சித்தாந்தம். புதுச்சேரிக்குத் தொலைவில்லாத வடலூரை அடுத்த மேட்டுக்குப்பத்தில், 1874-இல் சித்தியடைந்த வள்ளலாரும் மரணமிலாப் பெருவாழ்வைப் பேசி, தேகத்தையும் அருளின் எல்லைக்குள் கொணர்ந்தார் என்பதை எண்ணும்போது, இம்மண்ணுக்கு அச்சிந்தனை அந்நியமானதன்று என்பது புலப்படும்.

ஆசிரமத்துக்குள்ளேயே இத்தேகப்பயிற்சியை ஐயுற்றவர்கள் இருந்தனர். தியானத்துக்கும் மௌனத்துக்கும் வந்தவர்கள், பந்தும் பாருமாய் மாறிவிட்ட சூழலைக் கண்டு மனம் கலங்கியது இயல்பே. விளையாட்டு யாருடைய யோகத்துக்கும் நிபந்தனையன்று என்றும், அது யோகத்தின் இடத்தைப் பிடித்துக்கொள்ளக் கூடியதன்று என்றும், தக்கவர்க்குத் தக்க அளவில் அது துணை செய்யும் என்றும் ஸ்ரீ அரவிந்தர் அவர்களுக்குத் தெளிவுபடுத்தினார். தேகப்பயிற்சியை அவர் உயர்த்தினார். ஆனால் அதைச் சிம்மாசனத்தில் ஏற்றவில்லை. காளிதாசனின் குமாரசம்பவத்தில், கடுந்தவம் புரியும் பார்வதியிடம் பிரம்மசாரி வேடத்தில் வரும் சிவபெருமான், தர்மத்தை இயற்றுவதற்குரிய முதற் சாதனம் சரீரமே என்று நினைவூட்டும் இடத்திலும் இதே அளவு காக்கப்பட்டிருக்கிறது. சாதனம் முதன்மையானது, எனினும் அது சாதனமே. கீதையும், உடலை வருத்தி வாட்டுவோரை அசுர நிச்சயம் உடையோர் என்று கண்டித்து, ஊணிலும் உறக்கத்திலும் மிதத்தை விதிக்கிறது.

இனி, இன்றைய ஜிம்முக்கு வருவோம். காலையில் கடற்கரைச் சாலையில் நடப்போரையும், மாலையில் உள்வீதிகளின் மாடிகளிலே டிரெட்மில்லில் ஓடுவோரையும் பார்க்கும்போது, சரீரத்தைப் பற்றிய சிரத்தை நம் மக்களிடம் பெருகியிருப்பது தெரிகிறது. நீரிழிவும் இருதய நோயும் மலிந்த காலத்தில் இது நற்செய்தியே. வாரத்துக்கு 150 நிமிஷமேனும் மிதமான உடலுழைப்பு வேண்டுமென உலக சுகாதார நிறுவனம் கூறுவது பெரிய விரதம் ஒன்றும் அன்று. எனினும், மனத்தை அடக்கும் வழியாகக் கீதை கூறும் அப்யாசம், வைராக்கியம் என்னும் இரண்டனுள் ஜிம் கற்பிப்பது முதலாவதை மட்டுமே. தினந்தோறும் குறித்த நேரத்தில் வருதல், சோம்பலை வெல்லுதல், நேற்றைய எல்லையை இன்று சிறிது தள்ளிவைத்தல் ஆகிய இவை உண்மையான தவத்தின் உறுப்புக்கள். ஆனால் நாற்புறமும் பதித்த கண்ணாடிகள், கைப்பேசியில் எடுத்து அனுப்பப்படும் புஜத்தின் படங்கள், பக்கத்தில் பளு தூக்குபவனோடு மனத்துக்குள் நடக்கும் ஒப்பீடு ஆகியவை வைராக்கியத்தின் வேரையே அறுக்கின்றன. வைராக்கியமற்ற அப்யாசம் வலிமையைத் தரும்; அவ்வலிமைக்கு உடையவனையே அடிமையாக்கவும் செய்யும். ஆகவே, முன் எழுப்பிய வினாவுக்கு இப்படி விடை கூறலாம்: எந்நேரத்தில் உடல் ஒரு காரியத்துக்குரிய கருவி என்ற நினைவு நீங்கி, காட்சிக்குரிய உடைமை என்ற நினைவு குடியேறுகிறதோ, அந்நேரமே எல்லை கடக்கப்பட்டுவிட்டது.

இவ்வெல்லையைக் காக்கும் பொறுப்பில் பெரும்பங்கு ஜிம்மை நடத்துபவரைச் சாரும். அவருடைய தொழிலில் ஒரு தர்மசங்கடம் பிறப்பிலேயே அமைந்திருக்கிறது: ஆண்டுச் சந்தாவை முன்னதாகச் செலுத்திவிட்டு இரண்டாம் மாதத்தில் வராமல் நின்றுவிடும் உறுப்பினரால் அவருக்கு நஷ்டமில்லை, கருவி தேயாது, இடம் நெருக்காது. மற்றவருடைய சோர்வே தமக்கு லாபமாகும் இந்நிலையில், வராதவரை அழைத்து விசாரிக்கும் மாஸ்டர், தம் வருமானக் கணக்குக்கு எதிராகவே ஓர் அறத்தைச் செய்கிறார். அவ்வாறே, மூன்று மாதத்தில் முழு உருமாற்றம் என்று ஆசை காட்டாமையும், தசை விரைவில் திரள வேண்டுமென ஊசிமருந்தை நாடி வரும் இளைஞனைத் திருப்பி அனுப்புதலும், பருத்த உடலோடு தயங்கி நுழையும் நடுவயதுப் பெண்மணியைப் பிறர் பார்வையின் கூச்சத்தினின்று காத்தலும், முழங்கால் தேய்ந்த முதியவருக்கு நாற்காலியிலிருந்து கையூன்றாமல் எழும் பயிற்சியை, பளு தூக்கும் வீரனுக்குக் கற்பிக்கும் அதே கவனத்தோடு கற்பித்தலும் அத்தொழிலின் தர்மங்கள். இவற்றால் சந்தா குறையலாம், நம்பிக்கை வளரும்.

வயதாக ஆகத் தசை தளரும்; எவ்வளவு அப்யாசமும் அதை ஒத்திப்போடுமேயன்றி ஒழிக்காது. அன்று, தன் வலிமையே தான் என்று நம்பியவன் தன்னையே இழந்தவனாவான். வலிமையைக் கருவியாகக் கொண்டு குடும்பத்துக்கும் ஊருக்கும் உழைத்தவனோ, எஞ்சிய வலிமையைக் கொண்டு எஞ்சிய கடமையைச் செய்வான். தம்மிடம் பயின்றவர்களில் எத்தனை பேர் இந்த இரண்டாம் வகையினர் என்பதே ஜிம் நடத்துபவர் தமக்குத் தாமே போட்டுப் பார்க்க வேண்டிய லாபநஷ்டக் கணக்கு. யாக்கை நிலையாது என்று உரைத்த சான்றோரும், அதை வளர்க்கச் சொன்ன சான்றோரும் ஒருவருக்கொருவர் முரண்பட்டவர்களல்லர். நிலையாதது என்று அறிந்தவனே அதை விரயம் செய்யாமல் பேணுவான் என்பதை இரு திறத்தாரும் இருவேறு முகமாய் உணர்த்தினர்.