பிரிக்காத கடிதங்கள்

மலேசியாவில் சுங்கை காடுட் பக்கத்துத் தோட்டங்களில் பிறந்தவர்களுக்குக் கடன் புதிதல்ல. கங்காணி காலத்தில் முன்பணமாகக் கப்பலிலேயே கூட வந்தது. பிறகு தோட்டத்துக் கடையின் பற்றுக் கணக்கில் குடியேறியது. அந்தக் கடன் லயத்துக்கே தெரியும். பால்மரம் போய்ச் செம்பனை வந்து, பிள்ளைகள் செனவாங் தொழிற்சாலைகளுக்குப் போன பிறகு வந்த கடன் வேறு மாதிரி. காருக்கும் கிரெடிட் கார்டுக்கும் கல்யாணத்துக்கும் வாங்கியது, மனைவிக்குக்கூடத் தெரியாமல் வளர்கிறது. வங்கிக் கடிதங்கள் பிரிக்கப்படாமல் அலமாரிமேல் கிடக்கின்றன.

1960-இல் துன் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கியபோது, துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களை வாங்க மாதம் பத்து வெள்ளி கொடுத்தவர்கள் நம் பாட்டன் பாட்டிகள். பணத்தைப் பற்றிக் கூடிப் பேசிய சனம், கடனைப் பற்றி மட்டும் ஏன் வாய் திறப்பதில்லை?

திவால் என்றாலே குடும்ப மானம் போய்விட்டதாக நடுங்குகிறோம். சட்டம் சொல்வதைக் கேட்பதில்லை. முப்பதாயிரம் வெள்ளிக் கடனுக்கே ஒருவரைத் திவாலாக்க முடிந்த காலம் இருந்தது. 2017 அக்டோபரில் அந்த வரம்பு ஐம்பதாயிரமானது. 2021 செப்டம்பர் முதல் ஒரு லட்சம். "ஒரு கையெழுத்துதானே மாமா" என்று கேட்ட மருமகனின் காருக்கு ஜாமீன் நின்று திவாலானவர்கள் நம்மில் உண்டு. ஆனால் சொந்த உபயோகத்துக்கான கார், குடியிருக்கும் வீடு, படிப்புக் கடன் ஆகியவற்றுக்கு லாபம் கருதாமல் ஜாமீன் நின்றவரைத் திவாலாக்க 2017-க்குப் பிறகு வழியில்லை.

திவாலானவர் அனுமதியின்றி வெளிநாடு போக முடியாது, கம்பெனி இயக்குநராக இருக்க முடியாது. ஆனால் வேலைக்குப் போகலாம். ஊழியர் சேமநிதியில் இருக்கும் பணத்தில் கடன் கொடுத்தவர் கைவைக்க முடியாது. கடமைகளை ஒழுங்காகச் செய்தால் மூன்றாண்டில் விடுதலையும் உண்டு. அந்த மூன்றாண்டு, தீர்ப்பு வந்த நாளில் தொடங்குவதில்லை; சொத்து, கடன் விவர அறிக்கையைத் திவால் இலாகாவில் கொடுத்த நாளில்தான் தொடங்குகிறது. ஒளிந்திருப்பவருக்கு அது தொடங்குவதே இல்லை.

என் உறவினர் ஒருவர் அப்படித்தான் பல வருடம் ஒளிந்திருந்தார். பேசாமல் இருந்தால் தானாக மறைந்துவிடும் என்று நம்பினார். பழனிக்குப் புறப்பட்டபோது விமான நிலையத்தில் தடுத்துவிட்டார்கள். இடையில் வங்கித் தவணை கட்ட உரிமமில்லா வட்டிக்காரனான ஆலோங்கிடம் வேறு வாங்கியிருந்தார். உரிமம் பெற்ற வட்டிக்கடை அடமானமில்லாக் கடனுக்கு ஆண்டுக்கு 18 விழுக்காட்டுக்கு மேல் வாங்கக் கூடாது; ஆலோங் அதைச் சில வாரங்களிலேயே கறந்துவிடுவான்.

இப்போது அவர் அறிக்கையைக் கொடுத்துவிட்டார், மாதந்தோறும் கட்டுகிறார். பேங்க் நெகாரா 2006-இல் அமைத்த கடன் ஆலோசனை நிறுவனமான ஏ.கே.பி.கே. வங்கிகளோடு பேசித் தவணையை இலவசமாகத் திருத்தித் தருகிறது. திவால் தீர்ப்புக்கு முன்பே அங்கே போயிருக்க வேண்டும். முதல் கடிதத்தையே தம் மனைவியான என் அத்தையிடம் காட்டியிருந்தால், அத்தை அவரைக் கையோடு அங்கே கூட்டிப் போயிருப்பார்.