மூடியின் மறுபக்கம்

ஒருவர் தமக்கென வாங்கும் பொருளின் தரத்தைத் தாமே முடிவு செய்துகொள்ளலாம். கிழிந்த செருப்பை அணிந்து நடப்பவர் தம் காலைத்தான் புண்ணாக்கிக்கொள்கிறார். அதில் நாம் தலையிட இடமில்லை. ஆனால் ஒருவர் வாங்கும் பொருளை நம்பி இன்னொருவர் உயிர் தங்கியிருக்குமானால், அதன் தரத்தை முடிவு செய்யும் உரிமை யாருடையது? எவ்வளவு செலவு செய்தால் அவர் தம் கடமையை நிறைவேற்றியவர் ஆவார்? இக்கேள்வியை நாம் தத்துவ நூல்களிலிருந்து எடுக்கவில்லை. சிறியதொரு மீன்பிடி விசைப்படகின் மேல்தளத்தில் கிடக்கும் தேய்ந்துபோன மூடியிலிருந்து எடுக்கின்றோம்.

தமிழ்நாட்டின் கிழக்குக் கரையில் ஆண்டுதோறும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை விசைப்படகுகள் கடலுக்குச் செல்லத் தடை உண்டு. 2001இல் தொடங்கியபோது 45 நாட்களாக இருந்த இத்தடை, 2017 முதல் 61 நாட்களாயிற்று. மீனினம் பெருகுவதற்காக விதிக்கப்பட்ட இக்காலமே படகுகளைக் கரையேற்றிப் பழுது பார்க்கும் காலமுமாகும். நம் சமுதாயத்தவர் பலர் படகுடைமையாளராக விளங்கும் தொண்டி, மல்லிப்பட்டினம் போன்ற ஊர்களின் கரையில் அந்நாட்களில் நடந்தால் ஓடாவிகளின் உளியோசை கேட்கும். பலகைப் பொருத்துகளில் நூலும் பஞ்சும் திணித்து நீர் புகாமல் அடைக்கும் வேலையைக் கலப்பத்து என்பர். அரபு வளைகுடாவில் படகு கட்டும் தச்சரைக் ‘கல்லாஃப்’ என்று அழைப்பதை அறிந்தோர் இவ்விரு சொற்களின் உறவை எண்ணி மகிழலாம்.

படகுக்காரரின் கைப்பணம் முதலில் எந்திரத்துக்குப் போகும், பிறகு வலைக்கு, பிறகு அடிப்பலகைக்கும் வண்ணப் பூச்சுக்கும். மீனறையின் மீதும் எந்திர அறையின் மீதும் இருக்கும் மூடிகளுக்கு வருவது எஞ்சிய சில்லறைதான். எந்திரம் ஓடாவிட்டால் மீனில்லை. வலை கிழிந்தால் வருவாயில்லை. மூடி தேய்ந்திருந்தாலோ மீனும் வரும், வருவாயும் வரும். நல்ல வானிலையில் கெட்ட மூடியும் நல்ல மூடியும் ஒன்றே. எனவேதான் ‘இன்னுமோர் ஆண்டு தாங்கும்’ என்னும் சொல் மூடியைப் பற்றியே அதிகம் சொல்லப்படுகிறது.

அது எதைத் தாங்கவேண்டும் என்பதைச் சற்றே கணக்கிட்டுப் பார்ப்போம். மூடியின் மேல் ஏறி நிற்கும் மனிதனின் எடை அறுபது எழுபது கிலோ. நீளமும் அகலமும் ஒரு மீட்டராக உள்ள மூடியின் மீது அரை மீட்டர் உயரத்துக்கு அலைநீர் ஏறி நின்றால் அதன் எடை அரை டன்னுக்கும் மேல். அதுவும் மெல்ல இறங்கும் எடையன்று. ஓங்கி அறையும் எடை. மூடி உடைந்து மீனறைக்குள் நீர் புகுந்துவிட்டால், முழுதும் நிரம்பும்வரை ஆபத்துக் காத்திருப்பதில்லை. பாதி நிரம்பிய அறையில் நீர் நிலையாக நில்லாது. படகு எப்பக்கம் சாய்கிறதோ அப்பக்கமே ஓடி, சாய்வை மேலும் சாய்க்கும். சிறு படகுகள் கவிழும் வழிகளில் இதுவுமொன்று.

இனி, அந்த மூடி எங்கே கெடுகிறது? வெயிலும் உப்பும் மிதியும் படும் மேற்பக்கம் கெடுவதை எவரும் காணலாம். கீழ்ப்பக்கத்தை அழிப்பது வேறு. கடல்நீரிலுள்ள உப்பு மரத்தை மக்கச் செய்யும் பூஞ்சையை ஓரளவு தடுக்கிறது. மழைநீரும் பனிக்கட்டி உருகிய நீரும் அவ்வாறு தடுப்பதில்லை. மீனறையில் ஐஸ் கொட்டியிருப்பதால் மேலே வெயிலும் கீழே குளிரும் மோதி, மூடியின் அடியில் நீர் முத்து முத்தாக வியர்த்து நிற்கும். அந்த நல்ல நீரே மூலைகளிலும் திருகாணித் துளைகளிலும் புகுந்து மரத்தை உள்ளிருந்து தின்கிறது. மேலே வண்ணம் பளபளக்கும். கீழே திருப்புளி முனையை வைத்து அழுத்தினால் ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கும்.

புதிய மூடிக்கு என்ன பொருள் நல்லது என்று கேட்டால் கரையில் ஆளுக்கொரு விடை கிடைக்கும். பழையவர்கள் தேக்கென்பர். இயற்கையான எண்ணெய்ப்பசை உள்ளே இருப்பதால் தேக்கு எளிதில் மக்குவதில்லை. வெயிலில் நரைத்துப்போனாலும் வலிமை குன்றுவதில்லை. ஆனால் விலையும் மிகுதி, எடையும் மிகுதி. பிளைவுட் மலிவு, ஆயினும் பிளைவுட் என்பது ஒரே பொருளன்று. கடல் வேலைக்கென்று ஐ.எஸ். 710 என்னும் தரவிதி உண்டு. அதன்படி செய்த பலகையின் துண்டை 72 மணிநேரம் கொதிநீரில் வேகவைத்தாலும் அடுக்குகள் பிரியக்கூடாது. அந்த முத்திரை குத்தப்பட்ட பலகையெல்லாம் அந்தச் சோதனையைத் தாங்கும் என்று நம்பிவிடலாகாது. ஒரு துண்டை அறுத்து அடுப்பில் ஏற்றிப் பார்க்கும் தச்சர்கள் இருக்கிறார்கள். அவர்களிடமே வேலையைக் கொடுக்கவேண்டும். நல்ல பலகையேயானாலும் அறுத்த ஓரங்களைப் பிசின் பூசி அடைக்காவிட்டால் நீர் அவ்வழியே அடுக்குகளுக்குள் ஏறிவிடும். கண்ணாடி இழையும் பிசினும் சேர்த்து வார்க்கும் ஃபைபர் மூடி மக்காது, இலேசானது. எனினும் உள்ளே மரப்பலகை வைத்து வார்த்திருந்தால், ஆணித் துளை வழியே புகும் நீர் வெளியேற வழியின்றி உள்மரத்தைச் சேறாக்கிவிடும். அந்தத் துளையைப் பெரிதாகக் குடைந்து, பிசினால் நிரப்பி, அது இறுகியபின் நடுவே மீண்டும் துளையிட்டு ஆணி முடுக்குவது அறிந்தோர் செய்யும் முறை. அலுமினியத்தின் எதிரி வேறு: துருப்பிடிக்காத எஃகுத் திருகாணியை அதில் நேரே முடுக்கினால், உப்புநீரில் இவ்விரு உலோகங்களும் மின்கலம்போல் ஆகி, அலுமினியம் அரிக்கப்படும். இடையில் ரப்பரோ நைலானோ வைத்துப் பிரிக்கவேண்டும்.

ஆக, எந்தப் பொருளுக்கும் ஒரு மறைவான பலவீனம் இருக்கிறது. மூடியைத் தேர்ந்தெடுப்பவர் உண்மையில் தேர்ந்தெடுப்பது எந்தப் பலவீனத்தோடு வாழ்வது என்பதையே. அது அவருக்குத் தெரியும். மூடியின் மேல் நடப்பவருக்கும் கீழே இறங்குபவருக்கும் தெரியுமா?

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை விட்டபோது உள்ளே ஈரம் தட்டியதையும், மழையில் நனைந்ததென வணிகர் சொல்ல, மக்கள் பார்க்கும்படி அதை மேலே வைத்திருக்கலாகாதா என்று அவர்கள் கேட்டதையும் நாம் அறிவோம். ஈரமான தானியத்தை விற்கவே கூடாதென்று அவர்கள் கூறவில்லை. ஈரத்தை மேலே வை என்றார்கள். மலிவான பலகையைப் போடுவது தன்னளவில் பாவமன்று. அதன்மேல் வண்ணம் பூசி ‘நல்ல மூடி’ என்று நம்பச் செய்வதில்தான் துரோகம் இருக்கிறது. கப்பல் உலகில் இதற்கு அழகான வழக்கமொன்று உண்டு. துறைமுக வழிகாட்டி கப்பலில் ஏறும் கயிற்றேணியின் மரப்படிகளுக்கு வண்ணம் பூசலாகாது. வெடிப்பை வண்ணம் மறைத்துவிடும் என்பதே காரணம். கஹ்ஃபு அத்தியாயத்தில் ஹிள்ரு (அலை) அவர்கள் ஏழைகளின் மரக்கலத்தில் உண்டாக்கிய பழுதும் கண்ணுக்குத் தெரியும் பழுதே. அபகரிக்க வந்த அரசன் அதைக் கண்டு விலகிச் செல்லவேண்டும் என்பதன்றோ அதன் நோக்கம்? தெரிந்த பழுது காப்பாற்றியும் விடும். தெரியாத பழுதே கொல்கிறது.

மரக்கலத்தைப் பற்றிய மற்றொரு நபிமொழி நம் மேடைகளில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுவது. ஒரே கலத்தில் சிலர் மேல்தட்டிலும் சிலர் கீழ்த்தட்டிலும் பயணம் செய்கின்றனர். நீருக்காக மேலே வந்து பிறரைத் தொந்தரவு செய்வானேன் என்றெண்ணிக் கீழ்த்தட்டினர் தம் பகுதியில் துளையிட முனைகின்றனர். தடுத்தால் எல்லோரும் பிழைப்பர்; விட்டுவிட்டால் எல்லோரும் அழிவர். இவ்வுவமையில் அனைவரும் ஒரே கலத்தில் இருக்கின்றனர் என்பதை நாம் கவனிக்கவேண்டும். துளையிடுபவனுக்கும் அந்த நீரே மரணம். ஆதலால் அச்சமேனும் அவனைத் திருத்தக்கூடும். நம் விசைப்படகின் நிலை அவ்வாறில்லை. மூடியை வாங்குபவர் கரையில் இருக்கிறார். டீசல், ஐஸ், உணவுச் செலவு போக மீதியில் அவருக்கொரு பங்கும் கடலுக்குச் சென்றோருக்குப் பங்குகளும் பிரிகின்றன. மீனில் பங்குண்டு, நட்டத்தில் பங்குண்டு, மூழ்குவதில் மட்டும் அவருக்குப் பங்கில்லை. இராமேஸ்வரத்தில் ஜைனுலாபிதீன் அவர்கள் தம் கையாலேயே படகொன்றைக் கட்டி, தனுஷ்கோடிக்கு யாத்ரீகர்களை ஏற்றிச்செல்லும் தொழில் நடத்தியதை அவருடைய மைந்தர் அப்துல் கலாம் எழுதியிருக்கிறார். கட்டியவரே அதில் ஏறும் காலத்தில் கடலே அவருக்கு ஆசிரியராகிவிடும். ஏறாதவருக்கு யார் ஆசிரியர்? அல்லாஹ்வின் அச்சமன்றி வேறெதுவும் அவ்விடத்தில் வேலை செய்வதாக நமக்குத் தோன்றவில்லை.

நல்ல எண்ணமுள்ளவரும் சறுக்கும் இடம் ஒன்றுண்டு. ‘செலவைப் பாராமல் கனத்த தேக்கில் மூடி போட்டுவிட்டேன், இனி என் பொறுப்பு முடிந்தது’ என்பார். அந்த மூடியைத் தூக்க இருவர் வேண்டும். நள்ளிரவில் வலை இழுத்துக் களைத்தவர்கள், ஐந்து நிமிடத்துக்கொருமுறை மீனறைக்குள் இறங்கவேண்டியவர்கள், அதை ஒவ்வொரு தடவையும் மூடுவார்களா? திறந்தே போட்டுவைப்பார்கள். உலகிலேயே சிறந்த மரம் திறந்து கிடக்குமானால் அதைவிட, ஒருவன் ஒரு கையால் சாத்திக் கொண்டியை மாட்டக்கூடிய ஃபைபர் மூடி மேலானது. பொருளைத் தேர்வதென்பது அதைக் கையாளும் கையையும் எண்ணித் தேர்வதாகும். கையை எண்ணாமல் பொருளை மட்டும் வாங்கியவர், பின்னர் விபத்து நேர்ந்தால் ‘மூடியைத் திறந்து போட்டது அவர்கள் தவறு’ என்று மிக எளிதாகச் சொல்லிவிடுகிறார்.

இந்தச் சொல் சிறு படகுகளோடு நிற்பதில்லை. ‘டெர்பிஷையர்’ என்னும் பிரிட்டிஷ் கப்பல், ஏறத்தாழ 300 மீட்டர் நீளமுடையது, கனடாவிலிருந்து ஜப்பானுக்கு இரும்புத் தாது ஏற்றிச் சென்றபோது 1980 செப்டம்பரில் ‘ஆர்க்கிட்’ என்னும் சூறாவளியில் மறைந்தது. அதிலிருந்த 44 பேரில் ஒருவரும் மீளவில்லை. உறவினர்கள் விடாது போராடினர். 1994இல் சுமார் 4 கிலோமீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் கண்டுபிடிக்கப்பட்டன. 1998இல் வந்த ஆய்வறிக்கை, முன்தளத்துப் பண்டக அறையின் மூடியை மாலுமிகள் சரியாகப் பூட்டாமல் விட்டதே காரணம் என்றது. இறந்தவர்கள் எழுந்து வந்து மறுக்க முடியாதன்றோ! 2000இல் நீதிபதி கோல்மன் தலைமையில் மீண்டும் நடந்த விசாரணை அந்தப் பழியைத் துடைத்தது. முன்தளத்துக் காற்றுக் குழாய்கள் அலைகளால் முறிந்து, அவ்வழியே நீர் புகுந்து, கப்பலின் முகப்புத் தாழ, சரக்கறையின் முதல் மூடி அலையின் எடை தாங்காது நொறுங்கியது என்று அது கண்டது. அந்த மூடி விதிமுறைக்கு உட்பட்டதே. அந்த விதியின் அளவே போதாததாயிருந்தது. ‘விதிப்படி செய்தேன்’ என்பதும் ‘அவர்கள் மூடவில்லை’ என்பதும் ஒருங்கே வீழ்ந்த வழக்கு அது. தீர்ப்பு வருவதற்கு 20 ஆண்டுகள் சென்றன.

இங்கே ஒரு மறுப்பு எழலாம். படகுக்காரர் எல்லோரும் செல்வந்தரல்லர். வங்கிக் கடனும் வியாபாரியிடம் வாங்கிய முன்பணமும் கழுத்தை நெரிக்கும் நிலையில் எதற்கும் உயர்ந்ததையே வாங்கு என்பது நடக்கக்கூடியதா? வீண் விரயத்தையும் மார்க்கம் தடுக்கிறதே? நியாயமான மறுப்புத்தான். உயர்ந்ததை வாங்கு என்று நாமும் கூறவில்லை. முத்திரை சரிபார்த்த பிளைவுட்டை ஓரமடைத்துப் போட்டு, ‘இது இரண்டு ஆண்டுக்குத்தான்’ என்று படகோட்டியிடம் சொல்லி, இரண்டாம் ஆண்டுத் தடைக்காலத்தில் சொன்னபடி மாற்றிவிடுபவர், தேக்கைப் போட்டுவிட்டுப் பத்தாண்டு திரும்பிப் பாராதவரைவிட அமானிதத்தைப் பேணியவரே. ‘அல்லாஹ் பாதுகாப்பான்’ என்று சொல்லிக்கொண்டு மக்கிய மூடியோடு படகை அனுப்புபவரைப் பற்றி அதிகம் பேச வேண்டியதில்லை. ஒட்டகத்தைக் கட்டிவிட்டுத் தவக்குல் வைக்கும்படி பணிக்கப்பட்ட சமுதாயம் நாம்.

நாம் வற்புறுத்த விரும்புவது வேறு. மூடி என்ன விலை என்பதற்கு முன், யாரைக் கேட்டு வாங்கப்பட்டது என்று கேட்கவேண்டும். மஷூரா என்பது ஜமாஅத்து நிர்வாகத்துக்கும் கல்யாணப் பேச்சுக்கும் மட்டும் உரியதன்று. எந்த மூலையில் தண்ணீர் தேங்குகிறது, எந்தக் கொண்டி ஆட்டத்தில் தானே கழன்றுவிடுகிறது, ஈரத்தில் எந்தப் பரப்பு வழுக்குகிறது என்பன படகில் போகிறவர்களுக்கே தெரியும். வழுக்கும் என்று அவர்கள் சொன்னால், மேற்பூச்சு ஈரமாயிருக்கையில் மணலைத் தூவிவிடலாம், அதற்கொரு செலவுமில்லை. குறிப்பாக, மீனறைக்குள் இறங்கி ஐஸ் கொட்டி மீன் அடுக்கும் பையன் படகிலேயே வயதில் இளையவன். பங்கிலும் குறைந்தவன், பேச்சில் கடைசி. மூடிக்கு நேர் கீழே இருப்பவன் அவன் ஒருவனே.

ஜூன் 14ஆம் நாள் நெருங்குகையில் புதிய மூடிகள் வண்ணம் பூசுவதற்காக மணலில் கிடக்கும். மேற்பக்கத்துக்கு எந்த வண்ணமும் பூசட்டும். கீழ்ப்பக்கத்துக்குக் கறுப்போ நீலமோ வேண்டாம். மரம் தெரியும்படி வெறும் வார்னிஷ் மட்டும் போதும் என்று ஓடாவியிடம் சொல்லி வைக்கலாம். அந்தப் பையன் உள்ளே இருந்தபடி நிமிர்ந்து பார்த்தால் மரத்தில் கறுப்பு ஏறுவது அவன் கண்ணுக்குத்தான் முதலில் தெரியும்.