எனக்கொன்றுமில்லை



"எனக்கென்ன, கல்லுப்போல் இருக்கிறேன், வைத்தியர் எதற்கு?" என்ற பேச்சுக் கேளாத வீடு நம் பங்கில் உண்டோ? கஞ்சி இறங்குகிறது, தூக்கம் வருகிறது, கைகால் ஓடுகிறது. ஆகையால் சரீரம் சுகமென்று நாமே தீர்ப்புச் சொல்லிக்கொள்கிறோம். இந்தத் தீர்ப்பை எவ்வளவு தூரம் நம்பலாம்?

இரத்தக் கொதிப்பைப் பாருங்கள். வெவ்வேறு இரண்டு நாட்களில் அளந்து, மேலளவு 140-ஐயோ கீழளவு 90-ஐயோ எட்டினால் வியாதி உண்டென்பது வைத்தியர் கணக்கு. ஆனால் பெரும்பாலோருக்கு அது ஒரு தலைவலியும் தருவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023-ல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, இந்நோயுள்ள பெரியவர்கள் 100 பேரில் 46 பேர் அது தங்களுக்கு இருப்பதையே அறியார். அவர்கள் பொய் சொல்லுகிறவர்களல்ல. மெய்யாகவே சுகத்தை உணர்கிறார்கள். நோயோ ஓசையின்றி இருதயத்தையும் சிறுநீரகத்தையும் மூளையின் இரத்தக் குழாய்களையும் கெடுத்துவரும். ஒருநாள் பாரிசவாதம் வந்து விழுந்தபிறகுதான் வீட்டார் அலறுவார்கள்.

காட்சியாகமம் 3-ம் அதிகாரத்திலுள்ள லவோதிக்கேயா சபையார் தங்களுக்கு ஒரு குறையுமில்லையென்று இருந்தார்கள். ஆண்டவரோ அவர்களைக் குருடரென்று கண்டு, கண்ணுக்கு மருந்திட்டுக்கொள்ளச் சொன்னார். பாவமில்லையென்று எண்ணுகிறவன் பாவசங்கீர்த்தனத்துக்கு வருவதில்லை. நோயில்லையென்று எண்ணுகிறவன் வைத்தியரிடம் போவதில்லை. இருவரையும் கெடுப்பது ஒரே எண்ணம்.

"சர்வேசுரன் பார்த்துக்கொள்வார்" என்பார் சிலர். வைத்தியரையும் மருந்தையும் நமக்குத் தந்தவர் அவரே என்று சீராக் ஆகமம் 38-ம் அதிகாரம் போதிக்கிறது. 5-ம் கற்பனை பிறர் உயிரை மாத்திரமல்ல, நம் உயிரையும் காக்கக் கடமைப்படுத்துகிறது.

தமிழக அரசு 2021 ஆகஸ்டு 5-ந் தேதி தொடங்கிய "மக்களைத் தேடி மருத்துவம்" திட்டத்தில், ஊழியர்கள் வீடு தேடி வந்து இரத்தக் கொதிப்பையும் நீரிழிவையும் சோதிக்கிறார்கள். "எங்களுக்கு ஒன்றுமில்லை, அடுத்த வீட்டுக்குப் போங்கள்" என்று அவர்களைத் திருப்பியனுப்பலாமா? கையை நீட்டுங்கள், அளந்து பார்க்கட்டும். மாத்திரை சாப்பிடுகிறவர்கள், உடம்பு தேறிவிட்டதென்று தாமாக நிறுத்தவேண்டாம். கொதிப்பு அடங்கியிருப்பது அந்த மாத்திரையினால்தானே!

தாய்மார்களே, பிள்ளைக்குச் சளி பிடித்தால் ஆஸ்பத்திரிக்கு ஓடுகிறீர்கள். உங்களுக்கென்று ஒருநாள் போனதுண்டா? பெரியவர்களெல்லாரும் இந்த வாரத்திலேயே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போய்ச் சோதித்துக்கொள்ளுங்கள். சுகமென்று தெரிந்தால் ஆண்டவருக்குத் தோத்திரஞ் செய்யுங்கள். நோயென்று தெரிந்தாலும் தோத்திரஞ் செய்யுங்கள், காலத்தோடே தெரிந்ததற்காக.

ஆண்டவர் உங்கள் குடும்பங்களை ஆசீர்வதிப்பாராக.

உங்கள் பங்குக்குரு