ஈரல் யாருக்கு?

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஒரு கறிக்கடை வாசலில் நின்று காதைத் தீட்டிக் கேளுங்கள். எல்லோரும் சொல்வது ஒரே வாக்கியம்தான். ''பாய், நல்ல கறியா போடுங்க.''

நானும் சொல்வேன். பத்து வருடமாகச் சொல்கிறேன். இந்தப் பத்து வருடத்தில் ஒருநாள்கூட, எனக்கு நல்ல கறி விழுந்தால் மிச்சக் கறி யாருக்கு விழும் என்று நான் யோசித்ததில்லை. ஆட்டுக்குப் பின்னங்கால் இரண்டுதான். இதைக் கண்டுபிடிக்க பி.காம் படித்திருக்க வேண்டாம்.

(சைவர்கள் பக்கத்தைப் புரட்ட வேண்டாம். வெண்டைக்காயின் நுனியை ஒடித்துப் பார்த்து வாங்குகிறவர்தானே நீங்கள்? ஒடிந்த காயைத் தட்டிலேயே போட்டுவிட்டு வருவீர்கள் அல்லவா? இது உங்களுக்கும் சேர்த்துத்தான்.)

விஷயத்துக்கு வருகிறேன். சில மாதங்களுக்கு முன் ஒரு ஞாயிறு. வழக்கமான கடை. பாய் என்னைப் பார்த்ததும் தலையாட்டினார். நான் வாய் திறப்பதற்கு முன்பே தொடையிலிருந்து ஒரு கிலோ அறுத்து, ஈரலைத் தனியாகக் கட்டி, ''தம்பிக்கு'' என்று என் பையில் போட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை. எட்டுப் பேர் நிற்கும் இடத்தில் கேட்காமலே கிடைக்கும் மரியாதை இருக்கிறதே, அது கறியைவிட ருசி.

எனக்குப் பின்னால் நின்ற அம்மாள் வீட்டு வேலை செய்கிறவர் என்று நினைக்கிறேன். கையில் இருநூற்றைம்பது ரூபாயை மடித்து வைத்திருந்தார். ''அண்ணே, கால் கிலோ. அதுல ஈரல் கொஞ்சம் சேர்த்துப் போடுங்க. பொண்ணுக்கு ரத்தம் கம்மியா இருக்குன்னு டாக்டரம்மா சொன்னாங்க.''

''ஈரல் முடிஞ்சிருச்சும்மா'' என்றார் பாய்.

முடியவில்லை. என் பையில் இருந்தது.

அவருக்கு விலா எலும்பு, கழுத்து, கொஞ்சம் சவ்வு, ஒரு துண்டு கொழுப்பு. விலை? கிலோ 900 ரூபாய். எனக்கும் அதே 900. அவர் ஒன்றும் சொல்லவில்லை, வாங்கிக்கொண்டு போனார். நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். மொபைலை எடுத்து, வராத மெசேஜைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதில் யார் மீது தப்பு?

பாய் மீது என்று சுலபமாகச் சொல்லிவிடலாம். மறு வாரம் கூட்டம் இல்லாத நேரத்தில் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன். கோபப்படவில்லை. ''சார், இருபது கிலோ ஆடு உரிச்சா பத்து கிலோதான் நிக்கும். சில ஆடு அதுவும் நிக்காது. அதுல பின்னந்தொடை மூணு கிலோ. ஈரல் அரைக் கிலோகூட தேறாது. வர்றவங்க அத்தனை பேரும் தொடை கேட்டா நான் எங்க போவேன்? நீங்க மழை, வெயில் பார்க்காம வாராவாரம் வர்றீங்க. உங்களை விட்டா ஆன்லைன்ல வாங்கிக்குவீங்க. அந்தம்மா எங்க போயிரும்?''

கடைசி வாக்கியத்தைத் திரும்பப் படியுங்கள். அதில் துளியும் கெட்ட எண்ணம் இல்லை, வியாபாரம் மட்டும்தான். போக வழி இருக்கிறவனுக்கு நல்ல கறி. வேறு போக்கிடம் இல்லாதவருக்கு எலும்பு.

எனக்குக் கல்லூரி ஞாபகம் வந்தது. காஸ்ட் அக்கவுன்டிங்கில் 'கூட்டு உற்பத்திப் பொருட்கள்' என்று ஒரு பாடம். கச்சா எண்ணெயைக் காய்ச்சினால் பெட்ரோல், டீசல், மண்ணெண்ணெய் எல்லாம் சேர்ந்தே வருகிறது. செலவை எப்படிப் பிரிப்பது? ஒரு வழி, எடையை வைத்துப் பிரிப்பது. இன்னொரு வழி, சந்தையில் எது என்ன விலைக்குப் போகும் என்று பார்த்துப் பிரிப்பது. ஒரு ஆட்டை வைத்தும் இதே கணக்கைச் சொல்லலாம். இரண்டு முறையையும் மனப்பாடம் செய்து எழுதினோம், பாஸ் பண்ணினோம். கறிக்கடையில் நிற்கும்போது உதவும் என்று யாரும் சொல்லித்தரவில்லை.

எங்கள் பாய் முதல் ஜாதி. எல்லாம் ஒரே விலை, எடைதான் கணக்கு. பார்க்க சமத்துவம் மாதிரி இருக்கும். ஆனால் ஒரே விலைக்கு வேறு வேறு தரம் விற்கும்போது, எது யாருக்கு என்பதை என்ன தீர்மானிக்கும்? பழக்கம். சட்டை. ஸ்கூட்டரில் வந்தோமா, நடந்து வந்தோமா என்பது. கட்டிய கடையோ, கட்டில் கடையோ, எங்கேயும் கதை இதுதான்.

ஏ.சி. போட்ட கறிக்கடைகளும் ஆப்களும் இரண்டாவது ஜாதி. தொடைக்கு ஒரு விலை, சாப்ஸுக்கு ஒரு விலை, எலும்பில்லாததற்கு ஒரு விலை, ஈரலுக்கு ஒரு விலை. அங்கே யாரையும் தெரிந்திருக்க வேண்டாம். பல்லைக் காட்ட வேண்டாம். பணம் கொடுத்தால் கேட்டது வரும். நேர்மையான முறை என்றுதான் முதலில் தோன்றியது. அந்த அம்மாளை அங்கே நிறுத்திப் பார்த்தேன். தொடைக்கு அவர் கையில் இருந்த பணம் பத்தாது. பாய் கடையிலாவது, ஆள் இல்லாத ஒரு செவ்வாய்க்கிழமை அவருக்கு ஒரு தொடைத் துண்டு விழ வாய்ப்பு உண்டு. அங்கே அந்த வாய்ப்பும் இல்லை. ஆனால் ஈரல் கிடைத்திருக்கும். அதையும் ஒப்புக்கொள்ள வேண்டும்.

மூன்றாவதாக ஒரு முறை இருந்தது. சின்ன வயதில் அருப்புக்கோட்டைப் பக்கம் எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். தென் மாவட்டக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பங்குக் கறி.

தீபாவளிக்கு முன்பே பத்துப் பதினைந்து வீடு சேர்ந்து பணம் போட்டு ஒரு கிடாய் பிடித்துவிடுவார்கள். விடியற்காலை அறுப்பு. ஓலைப் பாயை விரித்து, அதன்மேல் வாழையிலை போட்டு, எத்தனை வீடோ அத்தனை கூறு வைப்பார்கள். ஒவ்வொரு கூறிலும் தொடையில் ஒரு துண்டு, விலாவில் ஒரு துண்டு, ஈரலில் சுண்டுவிரல் அளவு, குடலில் கொஞ்சம், கொழுப்பு கொஞ்சம். கடைசியில் பெரியவர் ஒருவர் சுற்றிவந்து இந்தக் கூறிலிருந்து எடுத்து அந்தக் கூறில் போட்டுச் சரிபண்ணுவார். அவர் திருப்தியாகிற வரைக்கும் யாரும் தொடக்கூடாது. பிறகு வீட்டுக்கு ஒரு அடையாளம் வாங்குவார்கள். ஒருவர் கூழாங்கல், ஒருவர் வேப்பங்குச்சி, ஒருவர் தீப்பெட்டி. எதுவும் தெரியாத ஒரு பொடியனைக் கூப்பிட்டு, கூறுக்கு ஒன்றாக வைக்கச் சொல்வார்கள். ஒரு வருடம் அந்தப் பொடியன் நான். எங்கள் வீட்டுக் கல்லைப் பெரிய கூறாகப் பார்த்து வைத்துவிட வேண்டும் என்று தேடினேன். எல்லாம் ஒன்று போலவே இருந்தன. பெரியவர் லேசுப்பட்டவர் இல்லை.

தனக்கு எந்தக் கூறு விழும் என்று தெரியாதவன்தான் நியாயமாகக் கூறு போடுவான். அமெரிக்காவில் ஜான் ரால்ஸ் என்ற தத்துவப் பேராசிரியர், 1971-ல் வந்த தன் புத்தகத்தில் நியாயத்தைப் பற்றிப் பேசும்போது கேக் வெட்டுகிற உதாரணம் ஒன்றைச் சொல்கிறார். வெட்டுகிறவனுக்குக் கடைசித் துண்டுதான் என்று விதி வைத்துவிட்டால், அவன் சமமாகத்தான் வெட்டுவான். ஒரு சமூகத்தின் சட்டதிட்டங்களைக்கூட, நாளைக்கு நாம் எந்த இடத்தில் பிறப்போம் என்று தெரியாதவர்கள் உட்கார்ந்து எழுதினால் எப்படி இருக்கும் என்று யோசிக்கச் சொன்னவர் அவர். கறிக்கடை வரிசையில் எனக்கு முன்னால் நிற்பது நானா, பின்னால் நிற்பது நானா என்று தெரியாவிட்டால், 'நல்ல கறியா போடுங்க' என்று நான் சொல்வேனா?

பங்குக் கறியைப் பற்றி இப்படியே பேசிக்கொண்டு போனால் ஊர்ப்பாசத்தில் உருகி, எழுதியது எல்லாம் பொய்யாகிவிடும். அந்தக் கூறு எங்கள் தெருவோடு நின்றுவிட்டது. ஊருக்கு வெளியே குடியிருந்தவர்களுக்கு அந்த வாழையிலையில் கூறு கிடையாது. காட்டு வேலைக்கு மட்டும் அவர்கள் வேண்டும். ஓலைப் பாயைச் சுற்றி நின்ற எங்களுக்குள் நியாயம் நூற்றுக்கு நூறு. பாய்க்கு வெளியே யார் என்று அந்தப் பெரியவரும் கேட்கவில்லை, பொடியனும் கேட்கவில்லை.

சரி, இந்தச் சண்டையே இல்லாத மாமிசம் எது தெரியுமா? முட்டை. அதற்குத் தொடையும் கிடையாது, விலாவும் கிடையாது. நம் ஊர் சத்துணவில் 1989-ல் இரண்டு வாரத்துக்கு ஒன்று என்று ஆரம்பித்து, பிறகு பள்ளி நாள் தோறும் என்று ஆனது. தட்டில் விழுகிற முட்டை தலைமையாசிரியரின் பேரனுக்கும் ஒன்று, கொத்தனார் மகளுக்கும் ஒன்று. அடுத்தபடியாக பிராய்லர் கோழி. நாற்பது நாளில் இரண்டு கிலோ வந்துவிடுகிறது. ஊசி போட்டு வளர்க்கிறார்கள் என்று வாட்ஸ்அப்பில் வருவதை நம்பாதீர்கள். அது தலைமுறை தலைமுறையாகப் பொறுக்கியெடுத்த இனமும், மக்காச்சோளம், சோயா தீவனமும் செய்கிற வேலை. ஆன்டிபயாடிக் விஷயம் வேறு, அது நிஜமான பிரச்னை. கோலிஸ்டின் என்ற மருந்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் கொடுக்கக் கூடாது என்று 2019-ல் மத்திய அரசே தடை போட வேண்டியிருந்தது. எப்படியோ, மட்டன் தீபாவளிக்கு மட்டும் என்றிருந்த வீடுகளில் ஞாயிறுதோறும் குழம்பு கொதிப்பது பல்லடம், நாமக்கல் புண்ணியத்தில்தான். அதை மட்டமாகப் பேசுகிறவர்கள் பெரும்பாலும் வாராவாரம் மட்டன் வாங்க முடிந்தவர்கள்.

வாங்கும் வித்தையும் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன், இல்லாவிட்டால் 'கட்டுரை எழுதுகிறான், குடும்பத்துக்கு எது கட்டுப்படியாகும் என்று சொல்லவில்லையே' என்பீர்கள். கோழியில் உயிர் எடை விலையையும் உரித்த எடை விலையையும் குழப்பிக்கொள்ளாதீர்கள். ஒரு கிலோ உயிர்க் கோழி தோல் நீக்கினால் முக்கால் கிலோவுக்கும் குறைவாகத்தான் நிற்கும். மட்டனில் கடை சாத்துகிற நேரத்துக்கு மலிவு என்று போகாதீர்கள், காலையில் போங்கள். முக்கியமாக, தொடைக்கறியில் தனிச் சத்து ஒன்றும் இல்லை. மெத்தென்று இருக்கும், அவ்வளவுதான். கழுத்திலும் முன்னங்காலிலும் அதே புரதம்தான், கொஞ்சம் கூடுதலாக வேகவேண்டும். இரும்புச்சத்து வேண்டுமென்றால் ஈரல்.

ஈரல் என்றதும் மறுபடி அங்கேயே வந்து நிற்கிறேன்.

அன்றைக்கு வீட்டில் நடந்ததைச் சொன்னேன். மனைவி ஈரலை மிளகு போட்டு வறுத்துக்கொண்டே கேட்டார்: ''கொடுத்துட்டு வந்திருக்கலாம்ல?''

''பாய் தப்பா நினைப்பாரு.''

''அந்தம்மா என்ன நினைச்சாங்களோ?''

பதில் இல்லை. சாப்பிட உட்கார்ந்தோம். பையன் இரண்டு துண்டு தின்றுவிட்டு, கசக்கிறது என்று ஒதுக்கினான். மீதி என் தட்டுக்கு வந்தது. பாதி தின்ற பிறகுதான் உறைத்தது. போன வருடம் மாஸ்டர் செக்-அப்பில் என் மனைவிக்கு ஹீமோகுளோபின் ஒன்பதரை. பன்னிரண்டு இருக்க வேண்டும். எனக்குப் பதினாலரை. 2019-21 தேசியக் குடும்பநல ஆய்வின்படி, பதினைந்திலிருந்து நாற்பத்தொன்பது வயது வரையான இந்தியப் பெண்களில் 57 சதவீதம் பேருக்கு ரத்தசோகை. அந்த 57-ல் ஒருவர் எனக்குப் பரிமாறிக்கொண்டிருக்கிறார். பாய் 'தம்பிக்கு' என்கிறார், நான் 'பையனுக்கு' என்று வாங்கி வருகிறேன், கடைசியில் நான் தின்கிறேன். பத்து வருடமாக எங்கள் வீட்டுக் கூறும் இப்படித்தான் விழுந்துகொண்டிருக்கிறது. ''நீ ஏன் எடுத்துக்கல?'' என்றால், ''எனக்குக் குழம்பு போதும்'' என்கிறார். எங்கள் அம்மாவும் இதையேதான் சொல்வார். இருவருக்கும் யார் சொல்லிக்கொடுத்தார்கள்?

அடுத்த ஞாயிறு ஒரு முடிவோடு போனேன். ''பாய், எல்லாம் கலந்து போடுங்க. கழுத்து, நெஞ்செலும்பு, தொடை, எது வந்தாலும் சரி. ஈரல் எடுத்து வைக்க வேணாம். ரத்தம் கம்மியா இருக்குன்னு யாராவது கேட்டு வந்தா கொடுங்க.''

பாய் கத்தியை நிறுத்திவிட்டு என்னை ஏற இறங்கப் பார்த்தார். ''என்ன சார், போன வாரம் கறி சரியில்லையா?''

''அதெல்லாம் இல்ல பாய்.''

''கோவமா?''

''இல்லைங்கறேன்ல.''

அவர் நம்பவில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது. சொன்னபடி கலந்துதான் போட்டார், நான் கண்ணெடுக்காமல் பார்த்துக்கொண்டிருந்தேன். மீதிச் சில்லறையை எண்ணுகிற நேரத்தில் மட்டும் வேறு பக்கம் திரும்பினேன்.

வீட்டுக்கு வந்து பையைப் பிரித்தால், கறிப் பொட்டலத்துக்கு அடியில் தனியாக இன்னொரு சின்னப் பொட்டலம். முழு ஈரல். கணக்குப் பார்த்தேன், அதற்குக் காசு வாங்கவில்லை.