கற்றலுக்கு முன் நிற்கும் தொண்டு



தத்துவார்த்த சூத்திரம் கூறும் அகத்தவங்கள் ஆறு. அவற்றுள் மூன்றாவது வையாவிருத்தியம் என்னும் பணிவிடை. நான்காவது சுவாத்தியாயம் என்னும் நூற்பயிற்சி. துறவியர்க்கு, அதிலும் நோயுற்ற துறவியர்க்கு ஆற்றும் தொண்டையே சூத்திரம் கருதுகிறது. இல்லறத்தாராகிய நாம் அதனைப் பிற உயிர்கள்பாலும் விரித்துக்கொள்வதில் பிழையில்லை. கற்பதற்கு முன்னே தொண்டு நிற்கிறதே என்று, ஆசிரியப் பயிற்சி பெற்ற என் மனம் அவ்வரிசையிலேயே தங்கிவிடுகிறது. காரணம் உண்டு.

கி.பி. 893இல் வணிகர் இருவர் ஜினாலயம் எழுப்பியதாகக் கல்வெட்டுக் கூறும் தகடூரே இன்றைய தருமபுரி. அம்மாவட்டத்துச் சிற்றூர்ப் பள்ளியொன்றில் நான் பணியாற்றியபோது, பற்களில் பழுப்புக் கறை படிந்த சிறுமி ஒருத்தியை, "பல் துலக்காமல் வகுப்புக்கு வருவதா?" என்று அனைவர் முன்னும் கடிந்தேன். அன்றுமுதல் அவள் வாயைக் கையால் மூடிக்கொண்டே சிரித்தாள். அந்தக் கறை ஆழ்துளைக் கிணற்று நீரிலுள்ள புளூரைடால் வந்தது, எவ்வளவு தேய்த்தாலும் போகாது என்பதைப் பல்லாண்டுகள் கழித்தே அறிந்தேன். லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேற்பட்டால் அது பல்லையும், மிகுந்தால் எலும்பையும் கெடுக்கும், காய்ச்சினாலும் நீங்காது. பயிற்சிச் சான்றிதழ் என்னிடம் இருந்தது. அவள் வீட்டுக் குடத்தை நான் எட்டிப் பார்த்ததில்லை.

காந்தியடிகள் நூற்றாண்டில், 1969 செப்டம்பர் 24 அன்று, 37 பல்கலைக்கழகங்களில் தொடங்கப்பட்ட நாட்டு நலப்பணித் திட்டம் மாணவரை அவ்வாறு எட்டிப் பார்க்கச் செய்கிறது. ஈராண்டில் 240 மணி நேரப் பணி. கிராமத்தில் ஏழு நாள் முகாம். சான்றிதழுக்காகச் சேர்வோரும் உளர். அதனை நான் குறையாகக் கருதேன். வாயில் எதுவாயினும் உள்ளே நுழைந்தால் சரி. ஆனால் மரம் நட்டுப் படமெடுத்துக்கொண்டு திரும்பும் முகாமில் மானகஷாயம் வளருமேயன்றி வேறொன்றும் விளையாது.

வேதியியல் பயிலும் என் பெயர்த்தியும் சான்றிதழுக்கென்றே சென்றவள்தான். "எதற்குப் படிக்கிறேன் என்றே தெரியவில்லை, பாட்டி" என்று அதுவரை சலித்துக்கொண்டிருந்தாள். தருமபுரி மாவட்ட முகாமில், வீடு வீடாகச் சென்று குடிப்பது எந்த நீர் எனக் கேட்கும் பணி அவளுக்குக் கிடைத்தது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் தொடங்கப்பட்ட பின்னும், குழாயில் நீர் வராத நாளில் பழைய ஆழ்துளைக் கிணற்றையே நாடுவதாக ஒரு மூதாட்டி கூறினாராம். நீரைச் சோதிப்பது எப்படி என்று கல்லூரி திரும்பியதும் பேராசிரியரிடம் கேட்டுப் பாடநூலை எடுத்தவள், இன்னும் கீழே வைக்கவில்லை.

அவளிடம் என் பழைய குற்றத்தைச் சொன்னேன். "அந்தப் பெண் இப்போது எங்கே, பாட்டி?" என்றாள்.

அகத்தவம் ஆறனுள் முதலாவது பிராயச்சித்தம். அச்சிறுமியின் ஊர்ப்பெயர் எனக்கு நினைவிருக்கிறது. வரும் விடுமுறையில் இருவரும் புறப்படுகிறோம்.