மனைக்கு ஐந்தாவது எல்லை

கிரயப் பத்திரத்தில் நான்கு எல்லைகள் எழுதுகிறோம். பழைய பத்திரங்களில் அதற்குப் பிறகு நிதி, நிட்சேபம், ஜலம், தரு, பாஷாணம் என்று ஒரு வரிசை வரும். புதையல், தண்ணீர், மரம், கல் எல்லாமே வாங்குகிறவருக்குச் சேரும். ஆனால் மேட்டிலிருந்து இறங்கி, என் நிலத்தின் மேல் ஓடி, கீழே உள்ள கண்மாய்க்குப் போகிற மழைத்தண்ணீரையும் நான் வாங்கிவிட முடியுமா? புதுக்கோட்டை வட்டாரத்தில் குன்றாண்டார்கோவில் பக்கம் மனை வாங்குகிறவர்களும் மனை பிரிக்கிறவர்களும் முதலில் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்.

இங்கே மேட்டூர்த் தண்ணீர் வராது. குன்றைக் குடைந்து சிவனுக்குக் கோவில் செய்து, அதன் முன்னால் தேர் வடிவில் மண்டபமும் எழுப்பிய ஊர் இது. சுற்றிலும் பாறையும் செம்மண்ணும்தான். பாறையில் விழுந்த மழை நிற்காது. அதை ஓடவிடாமல் பிடிக்கத்தான் ஒன்றின் கீழ் ஒன்றாகக் கண்மாய்களும் ஏந்தல்களும் வெட்டினார்கள். மேல் குளம் நிறைந்து கலிங்கில் வழிந்தால் கீழ்க்குளத்துக்கு வரும். புதுக்கோட்டை வட்டாரத்தில் குளத்துக்குக் குமிழித் தூம்பு வைத்தவர்களின் பெயரைக் கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள். தண்ணீருக்கு வழி செய்வதை அவ்வளவு பெரிய காரியமாக மதித்தார்கள்.

திருச்சி–புதுக்கோட்டை சாலையில் கீரனூரை ஒட்டி இன்று மனைக்கல் ஊன்றுகிறவர்கள் கண்மாயைத் தொடுவதில்லை. அவர்களுக்குத் தொட வேண்டிய தேவையும் இல்லை. மேட்டுப் புஞ்சையை வாங்கிச் சமப்படுத்துகிறார்கள், கிராவல் கொட்டி ரோட்டை உயர்த்துகிறார்கள், சுற்றுச்சுவர் வைக்கிறார்கள். மழைத்தண்ணீரைக் கண்மாய்க்குக் கொண்டுபோகப் புஞ்சையின் குறுக்கே ஓடிய வரத்து வாரி அதோடு முடிந்தது. கரையும் உள்வாயும் மடையும் அப்படியே இருக்கும். தண்ணீர் மட்டும் வராது. சில ஆண்டுகள் வறண்டு கிடந்தபின், உதவாத குளம் என்று அதையே மனையாக்கச் சொல்வார்கள்.

சட்டம் காப்பாற்றும் என்று இருந்துவிட முடியாது. 2016 செப்டம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் அங்கீகாரமற்ற மனைகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை விதித்தது. மறு ஆண்டே, ஏற்கெனவே போட்டவற்றை வரன்முறைப்படுத்த விதிகள் வந்தன. அதே 2017இல் மத்திய அரசு கொண்டுவந்த ஈரநில விதிகள், பாசனத்துக்கென்று மனிதர் அமைத்த நீர்நிலைகளை ஈரநிலம் என்ற கணக்கிலேயே சேர்க்கவில்லை. நாரையும் கொக்கும் இறங்கும் நம் கண்மாய்களில் பெரும்பாலானவை இப்படி வெளியே நிற்கின்றன. தமிழ்நாட்டின் 2007ஆம் ஆண்டு ஏரிப் பாதுகாப்புச் சட்டமும் பொதுப்பணித் துறைக் கட்டுப்பாட்டில் இருந்த ஏரிகளுக்கானது. 40 ஹெக்டேருக்குக் குறைந்த ஆயக்கட்டு உள்ள சின்னக் குளங்கள் ஊராட்சி ஒன்றியத்தின் பொறுப்பில் இருப்பவை. குன்றாண்டார்கோவில் போன்ற ஒன்றியத்தில் அவற்றை யார் கவனிப்பது?

கோவில்காடுகளுக்கும் இதே நிலைதான். வீரையும் உலக்கைப் பாலையும் காசாவும் அடர்ந்த அந்தக் காடுகளில் ஐயனாருக்குப் பயந்து சுள்ளிகூட ஒடிக்காதவர்கள் நம் மக்கள். அந்தப் பயம் காட்டின் ஓரத்தோடு நின்றுவிடுகிறது. அதைச் சுற்றியிருக்கும் முட்புதர்த் தரிசுதான் காட்டுக்கு ஈரமும், பறவைக்கு மேய்ச்சலும், விதைக்குப் புது இடமும் தருவது. ஏற்கெனவே தைல மரம் பாதியை எடுத்துக்கொண்டது. மிச்சத்தில் கல் ஊன்றிவிட்டால் நடுவில் நிற்கும் மரங்கள் முளைவிட இடமில்லாமல் கிழடாகிப் போகும்.

வீடு வேண்டாம் என்று யாரிடமும் சொல்ல எனக்கு மனமில்லை. சிங்கப்பூரில் வேலை பார்த்துச் சேர்த்த காசில் நாலு சென்ட் வாங்குகிறவர் யாருக்கும் கெடுதல் நினைக்கவில்லை. ஆனால் மனை வரைபடத்தை ரோட்டிலிருந்து தொடங்காமல் வாரியிலிருந்து தொடங்கலாமே. 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவில், சாலை போக மிஞ்சும் நிலத்தில் 10 சதவீதத்தைத் திறந்தவெளியாக உள்ளாட்சிக்கு எழுதிக் கொடுத்தாக வேண்டும். பெரும்பாலும் விற்காத கோணல் மூலையைத்தான் பூங்கா என்று தள்ளிவிடுகிறார்கள். அதையே வாரியின் இரு கரையிலும், கோவில்காட்டின் ஓரத்திலும் விட்டால் கண்மாய்க்குத் தண்ணீர் போகும், காடும் மூச்சுவிடும். ரோடு குறுக்கிடும் இடத்தில் அகலமான பாலம் வைக்க வேண்டும், குழாய் போதாது. ஒன்றிரண்டு மனை குறையும். அந்த நட்டத்தை விலையில் நாம் பகிர்ந்துகொள்வதுதான் நியாயம்.

மார்ச் 22, உலகத் தண்ணீர் நாளன்று கிராமசபை கூடுகிறது. வரத்து வாரிகள் பட்டா நிலத்துக்குள் ஓடும் இடங்களையும் சேர்த்து ஊர் வரைபடத்தில் குறிக்க வேண்டும், அந்தக் குறிப்பைப் பார்க்காமல் எந்த மனைப்பிரிவுக்கும் ஊராட்சி அனுமதி தரக் கூடாது என்று அங்கே ஒரு தீர்மானம் போடலாம். வாரி எங்கெங்கே ஓடியது என்று காட்டத் தெரிந்த பெரியவர்கள் ஊரில் இன்னும் இருக்கிறார்கள். அவர்களையும் சர்வேயரையும் ஒரே நாளில் அந்தப் புஞ்சைகளில் நடக்க வைக்க வேண்டும்.